பதினாறு அவுன்ஸ் கில்ட்

யெல் தீவு
ஜனவரி 12

அன்புள்ள எல்ஸ்பெத் அக்காவுக்கு,

உன் தம்பி டூகல் எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் ஈரக்காற்று அடிக்கும்போது முனகுகிறது. உன் கட்டைவிரல் வலி தேவலையா? ஊசி பிடிக்க முடிகிறதா? போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் இரண்டு பேரும் கத்திவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால் வழக்கம்போல் இந்தக் கடிதம்.

எய்லிக்கு ஜூன் பதினான்காம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை ஊரான டைரீ தீவில், அவர்கள் சர்ச்சில். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "அப்பா, என்னை சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போக நீயும் வரணும், ரோரியும் வரணும். ஒரு கைக்கு ஒருத்தர்" என்றாள். என்ன, மகள் எனக்குப் பாதிதான் சொந்தமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "சரிம்மா" என்றுதான் சொன்னேன்.

அக்கா, மொரீன் என்னை விட்டுப் போனாள், பொறுத்தேன். அந்த மாட்டு டாக்டர் ரோரியைக் கட்டிக்கொண்டாள், அதையும் பொறுத்தேன். நான் படகில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த வருடங்களில் அவன் என் மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தான், பள்ளிக்கூட வாசலில் நின்றான், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தான். இப்போது பெண் வீட்டு ஆண்கள் எல்லாரும் லாமாண்ட் குடும்பக் கட்டம் போட்ட துணியில்தான் கில்ட் பாவாடை கட்டவேண்டும் என்கிறாள் எய்லி. லாமாண்ட் நான். அவன் பெயர்ட். பெயர்ட் குடும்பத்துக்கென்று ஒரு கட்டம் இல்லையா? என் பெண்டாட்டி, என் பிள்ளை, கடைசியில் என் கட்டமும் அவனுக்கா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் பக்கத்தில் நடக்கும்போது நான் அவனைவிட ஒரு படி மேலாகத் தெரியவேண்டும். என் கல்யாணத்துக் கில்ட்டின் இரண்டு முனைகளும் இப்போது என் வயிற்றைத் தாண்டிச் சந்தித்துக்கொள்வதில்லை. நாடே உன் கையால் தைத்த கில்ட்டைத் தேடி வருகிறது. தம்பிக்கு ஒன்று தைத்துக்கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
டூகல்


கிரீஃப்
பிப்ரவரி 2

அன்புத் தம்பி டூகலுக்கு,

நான் நலம். கட்டைவிரல் அப்படியேதான் இருக்கிறது. வெந்நீரில் வைத்து எடுத்துவிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை தாங்கும். உன் முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது?

கல்யாணச் செய்தி சந்தோஷம். ஆனால் கில்ட் இந்த முறை என்னால் முடியாது, டூகல். கோடை வரைக்கும் கையில் வேலை நிறைய இருக்கிறது. எட்டு கெஜத்தையும் கையாலேயே மடித்து, முன்பக்கம் இருக்கும் அதே கட்டம் பின்பக்க மடிப்பிலும் உடையாமல் ஓடும்படி தைக்க இந்த விரலுக்கு இப்போது நாள் பிடிக்கிறது. தவிர, ஆலையில் லாமாண்ட் துணி தீர்ந்துவிட்டது. கடைசியாக இருந்ததும் போய்விட்டது. அடுத்த நெசவு செப்டம்பரில்தான்.

ஓபன் ஊரில் வாடகைக்குக் கில்ட் தரும் கடை இருக்கிறது. நல்ல துணிதான். முகவரி இதனுடன் வைத்திருக்கிறேன். போய் எடுத்துக்கொள். வீம்பு பிடிக்காதே.

மழையில் நனையாதே.

உன் அக்கா,
எல்ஸ்பெத்


யெல் தீவு
பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

சௌக்கியமா? நான் நன்றாக இருக்கிறேன். புயலால் மூன்று நாள் தபால் வரவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது.

ஊரான் இடுப்பில் கிடந்த வாடகைக் கில்ட்டில் என் மகளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாயா? அந்த மாட்டு டாக்டர் சொந்தமாகத் தைத்து வருவான். நான் பக்கத்தில் ஒட்டுப்போட்டவன் மாதிரி நிற்கவேண்டும். உன் புத்திமதிக்கு நன்றி.

நீ கைவிட்டாலும் இன்டர்நெட் கைவிடவில்லை. 'மலைவீரன் கில்ட் மாளிகை' என்று ஒரு கடை. ஆர்டர் போட்டாயிற்று. அதில் போட்டிருப்பதை அப்படியே எழுதுகிறேன், படித்துப் பார்:

'பரம்பரை ஹைலாண்டு மரபு. உயர்தர அக்ரிலிக் கம்பளி. கனமான பதினாறு அவுன்ஸ். முழு எட்டு கெஜம். அசல் கம்பளியின் உணர்வு. ஸ்காட்லாந்தின் பெருமையோடு வடிவமைத்தது.'

நீ சொல்வாயே, நல்ல கில்ட் என்றால் பதினாறு அவுன்ஸ் கம்பளி, எட்டு கெஜம் என்று. அதேதான்! அவன் எங்கே போய்த் தைத்தாலும் இதற்குமேல் ஒன்றும் கிடைக்காது. படகில் கூட வேலை பார்க்கும் பீட்டரிடம் காட்டினேன். "மாப்பிள்ளையே நீதான்னு நெனச்சுடுவாங்க டூகல், ஜாக்கிரதை!" என்றான்.

கட்டைவிரலுக்கு ஓய்வு கொடு. கொடுக்க மாட்டாய், தெரியும்.

டூகல்


கிரீஃப்
மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தைப் படித்தபோது அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதற்கும் நீதான் பொறுப்பு.

முட்டாள்தனம் செய்துவிட்டாயே. 'அக்ரிலிக் கம்பளி' என்றால் என்ன என்று நினைத்தாய்? அந்த ஆட்டை எங்கே மேய்ப்பார்கள்? அக்ரிலிக் என்றால் பிளாஸ்டிக் நூல். பக்கத்தில் கம்பளி என்ற வார்த்தையை உட்கார வைத்துவிட்டால் அது கம்பளி ஆகிவிடாது. 'கம்பளியின் உணர்வு' என்று எழுதினால் கம்பளி இல்லை என்று அவர்களே வாக்குமூலம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். கம்பளி இருப்பவன் கம்பளி என்று எழுதுவான், உணர்வு என்று எழுத மாட்டான். 'வடிவமைத்தது' என்றுதான் இருக்கிறது, நெய்தது என்றோ தைத்தது என்றோ இல்லை. பதினாறு அவுன்ஸ் எதற்கு என்றும் போடவில்லை. நாங்கள் சொல்வது ஒரு கெஜத் துணியின் கனம். அவர்கள் எதை நிறுத்தார்களோ.

வந்தவுடன் உள்மடிப்பிலிருந்து ஒரு நூல் உருவிக் கொளுத்திப் பார். கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் தொட்டால் உதிரும். பிளாஸ்டிக் என்றால் உருகிக் கறுப்பாக உருண்டு நிற்கும். உருண்டால் உடனே திருப்பி அனுப்பு. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது.

இருமல் வராமல் பார்த்துக்கொள்.

எல்ஸ்பெத்


யெல் தீவு
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம்தானே? இங்கே ஆட்டுக்குட்டிகள் பிறக்கத் தொடங்கிவிட்டன. அசல் கம்பளியோடுதான் பிறக்கின்றன, கவலைப்படாதே.

கில்ட் வந்துவிட்டது. பிரமாதம்! கண்ணாடி முன் கட்டிக்கொண்டு நின்றேன். நீலமும் பச்சையும் அப்படி ஒரு பளபளப்பு. உன் கில்ட்டுகள் மாதிரி தொடையில் அரிப்பதே இல்லை. தூக்கினால் இறகு மாதிரி இருக்கிறது. தபால்காரம்மா காகிதக்கட்டு என்று நினைத்து ஒற்றை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். இடுப்புப் பட்டையின் பக்கிள்கூட வெறும் அழகுக்குத்தான், அடியில் ஒட்டுப்பட்டை வைத்திருக்கிறார்கள். வயிறு எப்படி ஏறி இறங்கினாலும் கவலையில்லை. காலம் முன்னேறிவிட்டது அக்கா, நீங்கள்தான் இன்னும் ஊசியும் நூலுமாக இருக்கிறீர்கள்.

எய்லியிடம் கேட்டேன், ரோரி எங்கே தைக்கிறான் என்று. "யாரோ தெரிஞ்சவங்ககிட்ட" என்று இழுத்தாள். எடின்பரோவில் ஏதாவது பெரிய கடையாக இருக்கும். மாட்டு வயிற்றில் கைவிடுகிறவனுக்குக் காசுக்கு என்ன குறை?

உன் விரல் எப்படி என்று எழுது.

டூகல்


கிரீஃப்
ஏப்ரல் 9

அன்புத் தம்பி,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

நூலைக் கொளுத்தினாயா என்பதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

கில்ட்டின் கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார். நாங்கள் துணியின் கரையையே கீழே வைத்துவிடுவோம், மடித்து அடிக்க மாட்டோம். உன்னுடையதில் தையல் ஓடுகிறதா? பின்பக்க மடிப்பில் வெள்ளைக்கோடு நேராக இறங்குகிறதா? நீ பொய் சொன்னாலும் துணி பொய் சொல்லாது. இன்னும் நாள் இருக்கிறது. ஓபன் கடையில் நான் பேசி வைக்கிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

எல்ஸ்பெத்


யெல் தீவு
ஏப்ரல் 28

எல்ஸ்பெத்துக்கு,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன?

ஆமாம், கொளுத்தினேன். வந்த அன்றைக்கே கொளுத்தினேன். உருகிச் சொட்டி விரலைச் சுட்டது, கறுப்பு மிளகு மாதிரி உருண்டு நின்றது. கீழே தையல் ஓடுகிறது. வெள்ளைக்கோடு பின்பக்கம் குடிகாரன் நடப்பதுபோல் இறங்குகிறது. முழுக் கில்ட்டையும் அடுப்படித் தராசில் வைத்தேன். பதினாறு அவுன்ஸ். கில்ட் மொத்தமும் பதினாறு அவுன்ஸ்! சொன்னதைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பலாம் என்று கேட்டால் என் இடுப்புக்கு அளந்து வெட்டியதைத் திருப்ப மாட்டார்களாம். போதுமா? சந்தோஷமா?

ஆனால் அந்தக் கடைக்காரன் எனக்கு யாரோ. அவன் ஏமாற்றினால் தாங்கிக்கொள்வேன். நேற்று எய்லி போனில் உளறிவிட்டாள். "அத்தை தைச்ச ரோரியோட கில்ட் வந்துடுச்சுப்பா, என்னமா உட்காருது தெரியுமா அவருக்கு!" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோஜனம்?

'கோடை வரைக்கும் கையில் வேலை.' 'கடைசியாக இருந்ததும் போய்விட்டது.' எங்கே போனது என்று எழுதினாயா? அந்த ஆளின் இடுப்புக்குப் போயிருக்கிறது. என் கட்டத்தை, எங்கள் பெயரில் நெய்த கடைசித் துணியை, என் கூடப்பிறந்தவளே உட்கார்ந்து, நோகிற விரலால் மடிப்பு மடிப்பாக எண்ணி, அவனுக்குத் தைத்திருக்கிறாள். எனக்கு வாடகைக் கடையின் முகவரி.

எனக்கு வயிறு எரிகிறது. மறைக்கவில்லை. அவன் மேல் எரிந்தது, எய்லி மேலும் எரிந்தது, இப்போது உன் மேல் எரிகிறது. நான் இந்தப் பிளாஸ்டிக்கைத்தான் கட்டிக்கொண்டு போவேன். நீ டைரீக்கு வராதே. வந்தால் நான் படகிலிருந்து இறங்க மாட்டேன்.

டூகல்


கிரீஃப்
மே 27

தம்பி டூகலுக்கு,

உன் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பல தடவை எழுதிக் கிழித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் எய்லி வந்தாள். "அத்தே, ரோரிக்கு ஒண்ணு தைச்சுக்கொடு, அப்பாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றாள். நீ அப்போது கேட்டிருக்கவில்லை. கல்யாணம் என்றே எனக்கு நீ சொல்லியிருக்கவில்லை. ஜனவரியில் நீ கேட்டபோது துணி வெட்டியாகிவிட்டது. வெட்டிவிட்டேன் என்று எழுதப் பயந்தேன். அது என் தப்புதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ கேட்காவிட்டாலும். ரோரி அளவு கொடுக்க வந்தார். ஒரு தடவை வந்தால் போதும். அவர் அதற்குப் பிறகும் வந்தார். கூரையில் ஓடு சரிந்திருந்ததை ஏறி மாட்டினார். உட்கார்ந்து டீ குடித்தார். நீ இந்த வீட்டு வாசல்படி மிதித்து ஐந்து வருடம் ஆகிறது. கில்ட் வேண்டும் என்றபோதுதான் உனக்கு அக்கா ஞாபகம் வந்தது. நீ மட்டும்தான் பொறாமைப்படத் தெரிந்தவன் என்று நினைக்காதே. அக்கம்பக்கத்தில் தம்பிமார் வந்து போவதைப் பார்த்து எனக்கும் எரியும். அந்த மனிதர் வந்து உட்கார்ந்தபோது கொஞ்ச நேரம் என் தம்பிதான் வந்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டேன்.

டைரீக்கு நான் வரவில்லை. கை வலி என்று எய்லிக்குச் சொல்லிவிட்டேன். நீ படகிலிருந்து இறங்கு.

எல்ஸ்பெத்


யெல் தீவு
ஜூன் 19

அன்புள்ள எல்ஸ்பெத் அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? நான் உயிரோடு இருக்கிறேன். கல்யாணம் நல்லபடி முடிந்தது. எய்லி உன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேடினாள். வராதே என்று எழுதிய கை என் கைதான். அதைக் கடலில் போடவேண்டும்.

நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். வேறு யாராவது உனக்குச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவது மேல்.

டைரீயில் மரம் என்று ஒன்று கிடையாது. கடலில் கிளம்புகிற காற்று சர்ச் சுவரில் வந்துதான் முட்டுகிறது. நான் அரை மணி நேரம் முன்னதாகவே வாசலில் போய் நின்றேன். ரோரி வந்தான். அக்கா, என்ன தைத்திருக்கிறாய் நீ! அவன் நடந்தால் மடிப்பெல்லாம் சேர்ந்து ஒரு வீச்சு வீசி அப்படியே வந்து அடங்குகிறது. பின்னால் கட்டம் ஒரு நூல் பிசகவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் என் கில்ட்டை ஒரு தடவை பார்த்தான். பார்த்துவிட்டு, "நல்ல நாளுங்க டூகல், மழை இல்ல" என்றான். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிந்தது.

கார் வந்தது. எய்லி இறங்கினாள். வாசலிலிருந்து சர்ச் கதவு வரை நீளமான மண்பாதை. இரண்டு பக்கமும் தீவே திரண்டு நிற்கிறது. ஒரு கையை நான் பிடித்தேன், ஒரு கையை அவன் பிடித்தான். பேக்பைப் வாத்தியம் ஊதத் தொடங்கியதும் நாலு எட்டு வைத்திருப்போம். காற்று அடித்தது.

அவன் கில்ட் லேசாக அசைந்து நின்றது. என்னுடையது முதுகைத் தாண்டிப் போய்விட்டது. நம் ஊர் ஆண்பிள்ளைகளின் வழக்கப்படி நான் உள்ளே ஒன்றும் போட்டிருக்கவில்லை என்பதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு கை எய்லியிடம், ஒரு கையால் முன்பக்கத்தை அமுக்கினால் பின்பக்கம் பறக்கிறது. பின்பக்கம் போனால் முன்பக்கம் எழுகிறது. பைப் ஊதுகிறவனுக்கு மூச்சு உடைந்து ஸ்வரம் பிசகியது. மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, "கடவுளே, காலம்பர கஞ்சிகூடக் குடிக்கலியே நான்!" என்றாள். ஜனம் குபீரென்று சிரித்தது. எய்லி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் மகள் கல்யாணத்தில் நான் கேலிப்பொருளாகிவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. காதெல்லாம் கொதித்தது.

அப்போது ரோரி எய்லியின் கையை விட்டான். அவளிடம் மெதுவாக, "நீ அப்பாகூட நடம்மா" என்றான். பின்னால் வந்தான். என் கில்ட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டான். "நடங்க டூகல். நான் புடிச்சிருக்கேன். முன்பக்கம் மட்டும் நீங்க பார்த்துக்குங்க" என்றான். மாட்டைப் பிடித்துப் பழகிய கை, அசையவில்லை.

அப்படித்தான் போனோம் அக்கா. முன்னால் நானும் என் மகளும். பின்னால் அவன், குனிந்துகொண்டு, கல்யாணப் பெண்ணின் பாவாடை பிடிக்கும் சின்னப்பெண் மாதிரி, என் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு. நீ தைத்த அந்தக் கில்ட்டை யாரும் பார்க்கவே இல்லை. கதவு வரை வந்ததும் விட்டுவிட்டு, ஓரமாக உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டான். முன்வரிசையில் மொரீன் பக்கத்தில் அவனுக்கு இடம் போட்டிருந்தார்கள்.

நான் ஜனவரியிலிருந்து எதற்காகச் செத்தேனோ அது கிடைத்துவிட்டது. என் மகளை நான் ஒருவனே கூட்டிக்கொண்டு போனேன். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டில், நடனத்தில், படகுத்துறையில், எங்கேயும் பேசவில்லை. வாய் வரவில்லை.

இனி எப்படி அந்த ஆளை வெறுப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் அதுதான் எனக்கு வேலையாக இருந்தது.

உன் தம்பி,
டூகல்


கிரீஃப்
ஜூன் 26

அன்புத் தம்பி டூகலுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்து வயிறு நொந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் ரோரி வந்திருந்தார், எய்லி கொடுத்தனுப்பிய கல்யாண கேக்கோடு. எல்லாம் எப்படி நடந்தது என்று கேட்டேன். நீ எழுதியது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

"டூகல்தான் கூட்டிட்டுப் போனாரு. அழகா நடந்தாரு" என்றார்.

"நீங்களும்தானே கூட நடக்கிறதா இருந்துச்சு?"

"வாசல்ல எனக்கு ஷூ நாடா அவுந்துடுச்சுங்க. குனிஞ்சு கட்டி நிமிர்றதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் உள்ள போயிட்டாங்க."

இவ்வளவுதான் சொன்னார். கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதைப் படித்தால் உனக்கு இன்னும் எரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
எல்ஸ்பெத்